தம்பியின் ஈறு

தம்பிக்கு ஒரு சொத்தைப்பல்கூடக் கிடையாது. வயது 36. இன்றுவரை ஒரு பல்லை அடைத்ததில்லை, ரூட் கேனால் செய்ததில்லை. எனக்கோ பத்தாவது படிக்கும்போதே கடவாய்ப்பல் ஒன்று போய்விட்டது. அம்மாவுக்கு இதில் பெருமை தாங்காது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் உதட்டை விலக்கி, "படிப்பு வராதுன்னாங்க, பேச்சு வராதுன்னாங்க. பல்லைப் பாருங்க, முத்து" என்பாள். அந்தப் பெருமையில் பாதி அவள் இடித்துவைக்கும் வேப்பம்பட்டைப் பொடிக்குப் போகும், மீதி குலசாமிக்கு.

அந்த முத்துகளில் இரண்டு, அவனுடைய 26 வயதில், கீழ்வரிசை நடுவில் ஆடத் தொடங்கின.

தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வரும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு. அது உள்ளவர்களின் வாய்க்கென்று தனிப் போக்கு உண்டு. பால்பல்லும் சரி, நிலைப்பல்லும் சரி, தாமதமாக முளைக்கும். சில பற்கள் முளைக்கவே முளைக்காது. முளைத்தவையும் சிறிதாக, இடைவெளி விட்டு நிற்கும். சொத்தை மற்றவர்களைவிடக் குறைவாகவே வருகிறது என்றுதான் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஈறு நோய் அதற்கு நேர்மாறு. சீக்கிரம் வரும், வேகமாகப் பரவும், பல்லைப் பிடித்துவைத்திருக்கும் எலும்பைக் கரைக்கும். கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் இவர்களிடம் சரியாக வேலை செய்வதில்லை. வாயைத் திறந்தே மூச்சு விடுவதால் ஈறு காய்ந்துபோகிறது. பல்லின் வேரும் குட்டை. எல்லாம் சேர்ந்து முதலில் கைவைப்பது கீழ் முன்பற்களில்தான். வலி என்று பெரிதாக இருக்காது. ரத்தம் கசியும், வாய் நாறும், பல் ஆடும், ஒருநாள் விழும். விழுந்த பல்லை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்காது.

பள்ளிக்கூட முகாமுக்கு வருடாவருடம் வந்த டாக்டர்கள் எல்லோரும் டார்ச் அடித்து ஓட்டையைத்தான் தேடினார்கள். ஓட்டை இல்லை. "பற்கள் நலம்" என்று அட்டையில் எழுதிவிட்டுப் போனார்கள். அந்த அட்டைகள் இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கின்றன.

பல் ஆடுவதற்கு முன்னாலேயே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கல்யாணப் பந்தியில் அவனுக்குப் பக்கத்து இலை காலியாகக் கிடக்கும். மினிபஸ்ஸில் அவனோடு உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சித்தி மகளுக்கு அவன் என்றால் உயிர், ஆனால் கட்டிப்பிடிக்க வந்தால் முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வாள். ஊர் அப்படித்தான், இவனைப் போன்றவர்களைக் கண்டால் ஒதுங்கும் என்று வீட்டில் பேசிக்கொள்வோம். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஈறுக்கு வைத்தியம் நடந்த ஆறாவது மாதமே சித்தி மகள் முகத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டாள்.

தம்பி எல்லோரையும் கட்டிப்பிடிக்கிற ஆள். தபால்காரரைக்கூட விடமாட்டான். வாய் நாறினால் அவனுடைய உலகத்தில் பாதி போய்விடும். வாய் நலத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் உள்ள உறவை அளக்க ஆய்வாளர்கள் கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். மெல்ல முடிகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா, சிரிக்கக் கூச்சமாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் அந்தத் தாளை நிரப்புவது அம்மாவோ அப்பாவோதான். எங்கள் அம்மாவிடம் கொடுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் "நல்லாயிருக்கான்" என்று எழுதியிருப்பாள். அவனையே கேட்டிருந்தால் பந்தியில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்லியிருப்பான்.

அவன் போகும் பகல்நேர மையத்தில் ஒரு பெண் இருக்கிறாள். பேச்சு கிடையாது, வலிப்பு உண்டு. சின்ன வயதிலிருந்து ஃபெனிட்டாயின் மாத்திரை. அந்த மருந்து சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். தடித்துத் தடித்துப் பல்லின் மேலேயே ஏறி மூடும். மூடிய இடத்தில் பிரஷ் போகாது, சோறு தங்கும். இந்தப் பெண் திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். மையத்துப் பதிவேட்டில் "தன்னைத் தானே தாக்கும் நடத்தை" என்று எழுதினார்கள். மனநல மருத்துவரிடம் போனார்கள், அமைதிக்கு ஒரு மாத்திரை கூடியது. பெண் பகலெல்லாம் தூங்கினாள். தூங்காத நேரத்தில் அறைந்துகொண்டாள். அறைவது எப்போதும் இடது கன்னத்தில்தான் என்பதைக் கவனித்தது டாக்டர் இல்லை, சமையல் செய்யும் அக்கா. "வலது கைப்பழக்கம் உள்ள புள்ளதான், அப்புறம் ஏன் இடது கையால அங்கேயே அடிக்குது?" என்று கேட்டாராம். ஈறுக்குள் மறைந்திருந்த கடவாய்ப்பல் வேர்வரைக்கும் சொத்தையாகிச் சீழ் வைத்திருந்தது. பல்லை எடுத்தார்கள். நரம்பியல் டாக்டர் வலிப்பு மாத்திரையை மெல்ல மெல்ல வேறொன்றுக்கு மாற்றினார். (தயவுசெய்து யாரும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்பும்.) ஈறை வெட்டிச் சரிசெய்தார்கள். பதிவேட்டில் அந்த "நடத்தை" அப்புறம் இல்லை.

இது ஊரில் ஒரு வீட்டில் நடந்தது என்று விட்டுவிட முடியவில்லை. அறிவுக் குறைபாடு உள்ளவர் என்ன செய்தாலும் அந்தக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதுவது உலகம் முழுக்க டாக்டர்களிடம் உள்ள பழக்கம். முறுக்கைத் தள்ளிவிட்டு இட்லியை மட்டும் சாப்பிடுவது, ஒரு பக்கமாகவே மெல்வது, குளிர்ந்த தண்ணீரைக் கண்டால் ஓடுவது, எச்சில் கூடுவது, ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வது, சட்டைக் காலரைக் கடிப்பது என்று பல்வலி பேசும் பாஷைகள் பல. இவற்றில் எதைச் செய்தாலும் "இன்னைக்கு ஒரே அடம்" என்று சொல்லிவிடுகிறோம்.

சரி, பல் ஆடியது, டாக்டரிடம் போனோம்.

முதலில் பார்த்தவர் வாசலிலேயே "இவரு உக்காருவாரா?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார். தம்பி அதற்குள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தான். அடுத்தவர் எக்ஸ்ரே எடுத்து, ஆடாத பற்களையும் சேர்த்துக் கீழ்வரிசையில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம் என்றார். "பின்னாடி பின்னாடி வந்து கஷ்டப்படுவீங்க, ஒரேயடியா முடிச்சிரலாம். பல் செட்டு போட்டுக்கலாம்." அவர் கெட்ட மனுஷர் இல்லை. எங்கள் சிரமத்தைத்தான் யோசித்தார். ஆனால் பல் செட்டு என்பது சும்மா இல்லை. அதை நாக்கும் கன்னமும் சேர்ந்து பிடித்துவைக்கப் பழக வேண்டும், ராத்திரி கழற்ற வேண்டும், கழுவ வேண்டும். தம்பியின் நாக்கு வாய்க்குள்ளேயே அடங்காமல் முன்னால் தள்ளும். ஒரு வாரத்தில் செட்டு சாக்கடையில் கிடக்கும். அப்புறம் ஆயுசு முழுக்கக் கரைத்த சோறு. இவர்கள் வாயில் பல்லைப் பிடுங்குவதுதான் பெரும்பாலும் முதல் யோசனையாக வருகிறது. உங்களுக்கும் எனக்கும் அதே ஈறு நோய் வந்தால் அது கடைசி யோசனை.

ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவில்தான் வைத்தியம் அமைந்தது. 26 வயது ஆளைக் குழந்தைகள் பிரிவுக்கு ஏன் அனுப்புகிறார்கள் என்று அப்போது புரியவில்லை. இந்தியாவில் பல் மருத்துவ மேற்படிப்பில் 9 பிரிவுகள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான பல் மருத்துவம் என்று தனியாக ஒன்று இல்லை. பிரிட்டனில் 2008 முதல் அது தனிச் சிறப்புத்துறை. இங்கே அழும் குழந்தைகளைச் சமாளிக்கக் கற்றவர்களிடம்தான் மீசை வைத்த ஆண்களும் போகிறார்கள். சுவர் முழுக்க கார்ட்டூன். பக்கத்து நாற்காலியில் நாலு வயசுப் பையன். தம்பிக்கு அது பிடித்திருந்தது, அவனுடைய நண்பன் ஒருவனுக்கு அது அவமானமாக இருந்தது. இரண்டும் நியாயம்தான்.

அங்கே மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த பெண் டாக்டர் ஒருவர் பெஞ்சுக்கே வந்தார். என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்து, "தம்பி, உங்க பேர் என்ன?" என்றார். தம்பிக்குப் பதில் வர நேரமாகும். உதட்டில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் சொல்வான். அந்த இடைவெளியில் பொதுவாக நான்தான் பேரைச் சொல்லிவிடுவேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையால் சைகை காட்டி நிறுத்திவிட்டார். அவன் சொன்னான்.

அன்றைக்கு வாயையே திறக்கச் சொல்லவில்லை. நாற்காலி மேலே போகும், கீழே வரும், லைட் எரியும், அவ்வளவுதான். அடுத்த முறை கண்ணாடியைக் கையில் கொடுத்து என் பல்லை அவனைப் பார்க்கச் சொன்னார். அதற்கடுத்து தண்ணீர் உறிஞ்சும் குழாய்: முதலில் டம்ளரில் தண்ணீரை உறிஞ்சிக் காட்டினார், அப்புறம் அவன் உள்ளங்கையில், அப்புறம் உதட்டில். சொல்லு, காட்டு, செய் என்கிற இந்த முறை 1959லேயே அமெரிக்காவில் எழுதிவைக்கப்பட்டது. புதுசு ஒன்றும் இல்லை, செலவும் இல்லை. நேரம் மட்டும் வேண்டும். தனியார் கிளினிக்கில் அந்த நேரத்துக்கு யாரும் பில் போட முடியாது, அதனால் அங்கே அது நடப்பதில்லை.

பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த காறையை முதலில் மெஷின் இல்லாமல் கைக் கருவியாலேயே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். மெஷின் சத்தத்துக்கு அவன் பழக மாதங்கள் ஆயின. நாற்காலியில் கழுத்துக்கு அடியில் மடித்த துண்டு வைத்தார்கள். டவுன் சிண்ட்ரோமில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்வாக இருக்கும், தலையை ரொம்பப் பின்னால் சாய்க்கக் கூடாது. பிறக்கும்போது இதயத்தில் ஓட்டை இருந்து சின்ன வயதில் ஆபரேஷன் ஆனவன் என்பதால் இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். நன்றாக அடைபட்டுப் பல வருடம் ஆன ஓட்டைக்கு முன்கூட்டி ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் முன்பு இதயத்தில் கிருமித்தொற்று வந்தவர்களுக்கும் அது தேவை, ஆகவே கேட்டுவிடுவது நல்லது. மரத்துப்போகும் ஊசி போட்ட நாளில் டாக்டர் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை போன் செய்தார். உதடு மரத்திருக்கும்போது இவர்கள் அதை மென்றுவிடுவார்களாம், வீடு வந்து சேரும்போது ரத்தம் கொட்டுமாம்.

முழு மயக்கம் கொடுத்துச் செய்வதை நான் குறைசொல்ல மாட்டேன். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், ஆட்டிசத்தோடு அறிவுக் குறைபாடும் சேர்ந்தவன், யாரையும் முகத்தைத் தொட விடமாட்டான். அவனுக்கு மயக்கம் கொடுத்து ஒரே அமர்வில் பத்துப் பற்களைச் சரிசெய்தார்கள். அவன் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது. ஆனால் மயக்க மருந்து காறையை எடுக்கும், பல்லை அடைக்கும், மறுநாள் காலையில் பல் தேய்த்துவிடாது. அந்த வேலை மிச்சம் இருக்கும்.

தம்பியின் ஆடிய பற்கள் இரண்டில் ஒன்று போய்விட்டது. இன்னொன்றைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார்கள். பத்து வருடமாக நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்கிறோம்.

காத்திருக்கும் பெஞ்சில் எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. அப்படித்தான் ஒருநாள் போனில் எதையோ தேடப்போய் விப்பெஹோல்ம் என்ற பேரில் வந்து விழுந்தேன்.

சுவீடனின் தெற்கே லுண்ட் என்று ஒரு பல்கலைக்கழக நகரம். அங்கே 1935ல் விப்பெஹோல்ம் மருத்துவமனை திறக்கப்பட்டது, "கல்வி புகட்ட இயலாதவர்கள்" என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்காக. தம்பி போன்றவர்கள்தான். அந்தக் காலத்தில் சுவீடன் மக்களுக்குப் பல் ஆரோக்கியம் படுமோசம். நாட்டு மக்கள் அனைவருக்கும் பல் மருத்துவம் கொடுக்கத் திட்டம் போட்ட அரசாங்கத்துக்குச் சொத்தை எதனால் வருகிறது என்று உறுதியாகத் தெரிந்தாக வேண்டியிருந்தது. சர்க்கரை மேல் சந்தேகம் இருந்தது, நிரூபணம் இல்லை. நிரூபிக்க வேண்டுமானால் பல பேர் ஒரே கூரையின் கீழ், ஒரே சாப்பாட்டில், வருடக்கணக்கில் வேண்டும். அவர்கள் வெளியே போகக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. விப்பெஹோல்மில் அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

1945ல் வைட்டமின் சோதனையாகத் தொடங்கி, 1947ல் சர்க்கரைக்கு மாறினார்கள். உள்ளே இருந்தவர்களைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சாப்பாட்டோடு சர்க்கரைக் கரைசல். இன்னொன்றுக்கு இனிப்பு ரொட்டி. இன்னொன்றுக்குச் சாக்லேட். ஒரு குழுவுக்கு டாஃபி, அதுவும் பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி இதற்கென்றே செய்த டாஃபி, சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே, நாளைக்கு 24 வரை. செலவில் ஒரு பங்கை மிட்டாய்க் கம்பெனிகளே கொடுத்தன. யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. முடிவுகள் 1954ல் வெளிவந்தன. சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரை அதிகம் கெடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு இடையில், அடிக்கடி, ஒட்டிக்கொள்ளும் வடிவில் தின்ற சர்க்கரை பற்களைத் தின்றுவிட்டது. நிறுத்தியதும் புதுச் சொத்தை குறைந்தது.

இன்றைக்கு உலகத்தில் எந்தப் பல் டாக்டரும் எந்தக் குழந்தைக்கும் சொல்லும் புத்திமதி இதுதான். "சாப்பாட்டோட சாப்பிடு, நடுவுல நொறுக்காதே, ஒட்டுற மிட்டாய் வேண்டாம்." சுவீடனில் இதிலிருந்து சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் பிறந்தது, அந்த நாட்டுப் பிள்ளைகளின் பற்கள் பிழைத்தன. என் பிள்ளைகளின் பற்களும் அந்தப் புத்திமதியால்தான் பிழைத்திருக்கின்றன. விப்பெஹோல்மில் டாஃபி தின்றவர்களின் பற்கள் திரும்ப வரவில்லை. அவர்களுக்கு நல்ல பல் மருத்துவம் கிடைப்பதற்காக அந்தச் சோதனையை யாரும் நடத்தவும் இல்லை. டாஃபி கொடுத்தபோது அவர்கள் சந்தோஷமாக வாங்கித் தின்றிருப்பார்கள் என்பதை நினைத்தால்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. தம்பியாக இருந்தால் கொடுத்தவரைக் கட்டிப்பிடித்திருப்பான்.

அதைப் படித்த பிறகு ஊரை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். தம்பி தெருவில் நடந்தால் பெட்டிக்கடைக்காரர் தேன்மிட்டாய் கொடுப்பார், கோயிலில் குருக்கள் இரண்டாவது தடவை பஞ்சாமிர்தம் கொடுப்பார், விசேஷ வீட்டில் இவன் இலையில் மட்டும் ஜாங்கிரி இரண்டு விழும். எல்லாம் பிரியம்தான். ஆனால் வேறு ஆண்களிடம் பிரியத்தை எப்படிக் காட்டுவார்கள்? உட்கார வைத்துப் பேசுவார்கள், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார்கள். இவனிடம் பேச என்ன இருக்கிறது என்று தெரியாததால் கையில் மிட்டாயை வைக்கிறார்கள். இதைவிடக் கடுமையானது சிறப்புப் பள்ளிகளில் நடப்பது. பொத்தான் போட்டால் ஒரு ஜெம்ஸ், வட்டத்தை வட்டத்தில் வைத்தால் ஒரு ஜெம்ஸ். நடத்தைப் பயிற்சியில் பரிசு கொடுப்பது முறைதான், வேலையும் செய்கிறது. ஆனால் காலையிலிருந்து மாலைவரை, சாப்பாட்டுக்கு நடுவில், துளித்துளியாகச் சர்க்கரை. சிரப் மருந்துகளின் சர்க்கரை அதற்கு மேல். தம்பிக்குச் சொத்தை வராதது அவன் உடம்பின் புண்ணியம். எல்லோருக்கும் அந்தப் புண்ணியம் கிடையாது. அவன் மையத்தில் இப்போது ஸ்டிக்கரும் கைதட்டலும் கொடுக்கிறார்கள். சிலருக்குப் பஸ் ஹாரன் சத்தம் கேட்கும் பொம்மை. தம்பி ஹாரன் கட்சி.

விப்பெஹோல்முக்கு நேரெதிராக ஒரு கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டீவன் பெர்ல்மன் என்ற பல் டாக்டர், ரோஸ்மேரி கென்னடிக்குச் சிகிச்சை கொடுத்தவர். ஜனாதிபதி கென்னடியின் அந்தத் தங்கைக்கு அறிவுக் குறைபாடு இருந்தது, 1941ல் மூளையில் செய்த அறுவையில் இருந்ததும் போனது. இன்னொரு தங்கை யூனிஸ் 1968ல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸைத் தொடங்கினார். அந்த விளையாட்டுப் போட்டிகளுக்கு வருபவர்களின் வாயை மைதானத்திலேயே பார்க்கும் திட்டத்தை 1993ல் பெர்ல்மன் ஆரம்பித்தார். பிறகு கண், காது, பாதம் என்று அது விரிந்து, இந்தியாவிலும் நடக்கிறது. எனக்குப் பிடித்தது அதில் டாக்டர்களுக்கு நடக்கும் படிப்பு. அங்கே வந்து நிற்கும் இளம் பல் டாக்டர் ஒரே நாளில் ஐம்பது அறுபது வாய்களைப் பார்க்கிறார். பயம் போய்விடுகிறது.

நம் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. ஓ.பி. வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பொறுமை தீர்ந்த பிறகு நாற்காலியில் ஏறச் சொன்னால் யார்தான் ஏறுவார்? மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டி, சட்டப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். காலையில் முதல் டோக்கன் கேளுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, அதில் வெளிநோயாளிச் செலவுக்குள் பல் பாதுகாப்பும் வருகிறது. தொகை சிறியதுதான், காறை எடுக்கப் போதும். பல பெற்றோர் அதைப் பெரிய ஆபரேஷனுக்கு என்று பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இனி பிரஷ்.

தம்பி தானே பல் தேய்ப்பான். ரொம்ப ஆர்வமாகத் தேய்ப்பான், மேல்பல் முன்பக்கம் மட்டும். அவனுக்குக் கண்ணாடியில் தெரிவது அதுதான். அதனால் அவன் தேய்த்து முடித்ததும் இன்னொருவர் தேய்த்துவிட வேண்டும். எதிரில் நின்று தேய்த்தால் கை போகாது, அவனுக்கும் யாரோ பாய்ந்து வருவதாகத் தோன்றும். அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் நின்று, அவன் தலையை நம் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, இடது கையால் உதட்டை விலக்க வேண்டும். குழந்தைகள் பிரஷ்தான், தலை சிறியது. பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, ஃப்ளோரைடு உள்ளது. நுரை அதிகமானால் மூச்சு முட்டுகிறது என்று பயப்படுபவர்களுக்கு இன்னும் குறைத்து, பிரஷ்ஷில் லேசாகத் தடவினால் போதும். பல்லைத் தேய்ப்பதைவிடப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைச் சாய்த்துவைத்து ஆட்டுவது முக்கியம். ரத்தம் வரும். ரத்தம் வருகிறதே என்று விட்டுவிட்டால் நாளைக்கு இன்னும் வரும். தொடர்ந்து தேய்த்தால் இரண்டு வாரத்தில் நிற்கும். இது அம்மாவுக்குப் புரிய நாளாயிற்று. ரத்தத்தைப் பார்த்தால் அவள் கை தானாக நின்றுவிடும்.

கொப்பளித்துத் துப்பத் தெரியாதவர்களுக்குக் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தைத் துணியில் நனைத்து ஈறில் தடவலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லும் நாட்களுக்கு மட்டும், ஏனென்றால் பல்லில் பழுப்புக் கறை விழும். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே தடவினால் அதன் வேலை கெட்டுவிடும், அரைமணி நேரம் விட வேண்டும். கை பிடிப்பு இல்லாதவர்களுக்கு பிரஷ் காம்பில் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டிக் கொடுத்தார் மையத்தில் ஒரு அப்பா. மூன்று பக்கமும் தூரிகை உள்ள பிரஷ்ஷும் வந்திருக்கிறது, ஒரே இழுப்பில் உள்ளும் வெளியும் மேலும் தேயும். எங்களுக்கு அது வந்த பிறகு வேலை பாதியாகிவிட்டது. கரிப்பொடி, உப்பு, செங்கல்தூள், அம்மாவின் வேப்பம்பட்டை எல்லாம் நிறுத்தியாயிற்று. வேப்பம்பட்டைக்கு மட்டும் வீட்டில் இன்னும் சண்டை இருக்கிறது.

இதெல்லாம் காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. ராத்திரிதான் முக்கியம். ராத்திரிதான் எல்லோருக்கும் அசதி.

அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983ல் 25 வயது. இப்போது 60. இதய ஆபரேஷன் வந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தம்பிக்கும் அதே ஆபரேஷன்தான் ஆனது. இன்னும் 25 வருடம் என்று வைத்துக்கொண்டால், நாற்பதுகளுக்கு மேல் இவர்களில் பலருக்கு மறதி நோயும் சீக்கிரம் வரும். அப்போது புதிதாக எதையும் பழக்க முடியாது, பழகியதுதான் துணை. யாராவது பின்னால் நின்று தலையைச் சாய்த்துப் பல் தேய்த்தால் வாயைத் திறக்க வேண்டும் என்பதை அவன் உடம்பு இப்போதே படித்துவைத்திருக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் அம்மாவாகவே இருந்தால், அம்மா கை பட்டால் மட்டும் திறக்கும் வாயாகிவிடும். அம்மாவுக்கு 68 வயது, விரல் மூட்டெல்லாம் வீங்கி பிரஷ்ஷைப் பிடிக்க முடிவதில்லை. அதனால் இரண்டு வருடமாக வாரத்தில் சில நாள் நான், சில நாள் என் கணவர், ஞாயிற்றுக்கிழமை என் மகன். மகனுக்கு 15 வயது. முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்தான். இப்போது இருவரும் பாட்டு போட்டுக்கொள்கிறார்கள். தம்பி என் கணவரிடம் மட்டும் கடிப்பான், அதற்குக் காரணம் இன்னும் தெரியவில்லை.

எங்களுக்கும் பிறகு என்ன என்று ஒரு விடுதி இல்லத்தைப் பார்க்கப் போனோம். நல்ல இடம், சுத்தமாக இருந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது. பொறுப்பாளர் அம்மா அன்பானவர். பிரஷ்கள் சுவரில் வரிசையாகப் பேர் எழுதித் தொங்கின, எல்லாம் காய்ந்திருந்தன. ராத்திரி யார் தேய்த்துவிடுகிறார்கள் என்று கேட்டேன். "அவங்கவங்களே தேச்சுக்குவாங்கம்மா" என்றார். தம்பி தேய்க்கும் விதத்தைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. நான் எழுதி எடுத்துப் போயிருந்த தாளை வாங்கி நின்றபடியே படித்தார். ஸ்டூல், பின்னால் நிற்பது, பட்டாணி அளவு, ஈறுக் கோடு, ரத்தம் வந்தால் நிறுத்த வேண்டாம், எல்லாம்.

"ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம்."

"இங்க 24 பேர் இருக்காங்க. ராத்திரி வேலைக்கு ரெண்டு ஆயாம்மா. அதுல ஒருத்தங்க டயாபர் மாத்தணும், ஒருத்தங்க மாத்திரை கொடுக்கணும்." பேனாவை எடுத்து என் தாளின் மூலையிலேயே பெருக்கினார். 120 நிமிஷம். "ரெண்டு மணி நேரம். இதுக்குன்னே ஒரு ஆள் வேணும்."

"போடுங்க."

"சம்பளம் யாரும்மா கொடுப்பா? கட்டடத்துக்குக் கொடுக்கறாங்க, பிறந்தநாள் சாப்பாட்டுக்குக் கொடுக்கறாங்க. மாசாமாசம் யாராச்சும் கேக்கும் கொண்டுவந்து கொடுக்கறாங்க."

அவர் கணக்கில் தப்பு இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மையத்துப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் அந்தத் தாளைப் படமெடுத்துப் போட்டேன், மூலையில் இருந்த பெருக்கலோடு. ஏழு குடும்பம் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆளை அந்த இல்லத்தில் வைப்பதாகப் பேச்சு. எங்கள் பிள்ளைகள் யாரும் இன்னும் அங்கே சேரவில்லை. எட்டாவது குடும்பம் ஒன்று கேட்டிருக்கிறது, அந்த ஆளுக்குப் பயிற்சி யார் கொடுப்பது என்று. கல்லூரியில் அந்தப் பெண் டாக்டருக்குப் பிறகு வந்த மாணவியிடம் கேட்டிருக்கிறோம். பரீட்சை முடியட்டும் என்றிருக்கிறார்.